கொழுப்பை அளக்கும் காந்தமும் நம் ஊர்ப் பெண்களின் மௌனமும்

இலண்டனில் வாழும் மருதமுனை அன்பர் ஒருவர் அண்மையில் எனக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதியிருந்தார். அவருடைய மனைவிக்கு அங்குள்ள வைத்தியசாலை ஒன்றில் மார்பகத்தில் எம்.ஆர்.ஐ. பரிசோதனை செய்திருக்கிறார்கள். அல்லாஹ்வின் கிருபையால் பயப்படும்படி எதுவுமில்லை. ஆனால், அதே காந்த இயந்திரத்தைக் கொண்டு மார்பகத் திசுவிலுள்ள கொழுப்பின் அளவையும், அது எந்த வகைக் கொழுப்பு என்பதையும்கூட ஊசி குத்தாமலே அறியலாம் என்று அங்குள்ள வைத்தியர் பேச்சுவாக்கில் சொன்னாராம். அன்பர் பொறியியலாளர். அந்தச் செய்தி அவரை உறங்கவிடவில்லை. "காக்கா, வெளிநாட்டில் இருக்கும் நாங்கள் எல்லோரும் சேர்ந்து பணம் திரட்டினால் இந்த வசதியைக் கல்முனைக்குக் கொண்டுவர முடியாதா? நீங்கள் இதைப்பற்றி எழுதினால் என்ன?" என்று கேட்டிருந்தார்.

எழுதுகிறேன். ஆனால், அவர் எதிர்பார்த்த விதத்தில் எழுத முடியுமா என்பது சந்தேகம்.

நான் வைத்தியனல்லன். நாற்பது ஆண்டுகள் செய்தித்தாளில் பிறர் எழுதியதைத் திருத்தியும், சில வேளை நானே எழுதியும் காலம் கழித்தவன். ஆயினும் ஒரு விடயத்தை எழுதுமுன் அதைப் படித்து விளங்கிக்கொள்ள வேண்டும் என்ற பழக்கம் இன்னும் விட்டுப்போகவில்லை. ஆகவே இந்தக் கொழுப்பளக்கும் வித்தை என்னவென்று முதலில் பார்ப்போம்.

மார்பகம் என்பது பாற்சுரப்பிகள், பால் செல்லும் நாளங்கள், அவற்றைத் தாங்கும் நார்த்திசு, இவற்றைச் சூழ்ந்த கொழுப்பு ஆகியவற்றால் ஆனது. இவற்றின் விகிதம் பெண்ணுக்குப் பெண் வேறுபடும். ஒரே பெண்ணிலும் வயதோடு மாறும். இளமையில் சுரப்பித் திசு மிகுந்திருக்கும். மாதவிடாய் நின்ற பின்னர் பெரும்பாலும் கொழுப்பு அந்த இடத்தை நிரப்பும்.

நம் உடலிலுள்ள ஐதரசனில் பெரும்பகுதி இரண்டு இடங்களில்தான் இருக்கிறது. ஒன்று தண்ணீர், மற்றது கொழுப்பு. ஐதரசன் அணுவின் கரு மிகச் சிறிய காந்தம் போன்றது. வலிமையான காந்தப்புலத்துக்குள் அதை வைத்து வானொலி அலையால் தட்டினால், அது தனக்குரிய அதிர்வெண்ணில் பதில் சொல்லும். வைத்தியசாலைகளில் சாதாரணமாகக் காணப்படும் 1.5 டெஸ்லா இயந்திரத்தின் புலம் பூமியின் காந்தப்புலத்தைவிடச் சுமார் 30,000 மடங்கு வலியது. அதில் ஐதரசன் கரு செக்கனுக்கு ஏறத்தாழ 6 கோடியே 40 இலட்சம் தடவை அதிர்கிறது. இந்தப் பண்பை 1946இல் அமெரிக்காவில் பீலிக்ஸ் புளொக், எட்வேர்ட் பேர்செல் ஆகிய இருவரும் தனித்தனியே கண்டறிந்தனர். 1952இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். அதைக் கொண்டு உடலைப் படம் பிடிக்க வழி செய்த போல் லோட்டர்பர், பீற்றர் மான்ஸ்பீல்ட் ஆகியோருக்கு 2003இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

தண்ணீரில் ஐதரசன் ஒட்சிசனோடு பிணைந்திருக்கிறது. கொழுப்பில் பெரும்பாலும் காபனோடு பிணைந்திருக்கிறது. அயலவர் மாறுவதால் அதிர்வெண்ணும் சற்றே மாறுகிறது. எவ்வளவு? பத்து இலட்சத்தில் மூன்றரைப் பங்கு. மேலே சொன்ன 6 கோடியே 40 இலட்சத்தில் இது ஏறத்தாழ 220 மட்டுமே. இலங்கை வானொலியின் முஸ்லிம் சேவையைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு இதை விளக்குவது எளிது. பழைய வானொலிப் பெட்டியில் முள்ளை ஒரு மயிரிழை அசைத்தால் பக்கத்து நிலையம் குறுக்கிடும். இரண்டையும் பிரித்துக் கேட்க நிதானமான கை வேண்டும். காந்தப் பரிவு நிறமாலை என்ற இந்த முறை அந்த நிதானமான கைதான். எம்.ஆர்.ஐ. படம் உடலில் எது எங்கே இருக்கிறது என்று காட்டுகிறது. நிறமாலையோ, நாம் குறித்துக்கொடுக்கும் ஒரு சிறு கனசதுரத்துக்குள் என்னென்ன இருக்கின்றன, எவ்வளவு இருக்கின்றன என்பதை ஒரு வரைபாகத் தருகிறது. தண்ணீருக்கு ஒரு மேடு, கொழுப்புக்கு ஒரு மேடு. மேட்டின் பரப்பே அளவு.

கொழுப்பின் மேட்டை இன்னும் கூர்ந்து பார்த்தால் அதுவும் பல சிறு மேடுகளாகப் பிரிகிறது. கொழுப்பமிலச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புக்கு அருகிலுள்ள ஐதரசன் ஓரிடத்தில் தோன்றும். இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவே அகப்பட்டது இன்னோரிடத்தில் தோன்றும். இவற்றை எண்ணினால் நிரம்பிய கொழுப்பு எவ்வளவு, நிரம்பாதது எவ்வளவு என்று கணிக்கலாம். எந்த எண்ணெயிலிருந்து வந்தது என்று பெயர் சொல்ல இதனால் முடியாது. வகை சொல்லவே முடியும்.

பரிசோதனைக்கு வரும் பெண் மேசைமேல் குப்புறப் படுத்துக்கொள்கிறார். மார்பகங்கள் தொங்கி நிற்க இரண்டு குழிகள் கொண்ட கருவி ஒன்று கீழே இருக்கிறது. எக்ஸ் கதிர் இல்லை. மமோகிராமில் போல அழுத்துவதும் இல்லை. உடலில் உலோகக் கருவி பொருத்தியவர்கள் முன்கூட்டியே சொல்லவேண்டும். இயந்திரத்தின் இரைச்சலைச் சகித்துக்கொள்ளவேண்டும். அவ்வளவுதான். கூச்ச சுபாவமுள்ள நம் பெண்களுக்கு இது ஏற்றதுதானே என்று அன்பர் எழுதியிருப்பது எனக்குப் புரிகிறது. நம் பாடநூல்கள் இந்தத் தத்துவத்துக்குப் 'பரிவு' என்று பெயரிட்டிருப்பதும் பொருத்தமே.

சரி, கொழுப்பை ஏன் அளக்கவேண்டும்?

முதற் காரணம் அடர்த்தி. மமோகிராம் படத்தில் கொழுப்பு கருமையாகவும் சுரப்பித் திசு வெண்மையாகவும் தெரியும். புற்றுக்கட்டியும் வெண்மையாகவே தெரியும். கொழுப்புக் குறைந்து சுரப்பி மிகுந்த அடர்த்தியான மார்பகத்தில், வெள்ளைத் திரையில் வெள்ளைப் புள்ளியைத் தேடுவது போன்ற நிலைதான். அத்தோடு, அடர்த்தி மிகுந்தவர்களுக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடுதல். ஆகவேதான் அமெரிக்காவில் மமோகிராம் எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு பெண்ணுக்கும் அவரது மார்பகத்தின் அடர்த்தியை எழுத்தில் அறிவிக்கவேண்டும் என்ற விதி 2024 செப்டெம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. கொழுப்புக்கும் தண்ணீருக்கும் உள்ள விகிதத்தை அளப்பது இந்த அடர்த்தியைக் கதிர்வீச்சின்றி எண்ணால் சொல்லும் ஒரு வழியாகும்.

இரண்டாவது காரணம் கட்டியின் இயல்பு. புற்றுக்கட்டி வளரும் இடத்தில் கலங்கள் நெருங்கிப் பெருகுவதால் தண்ணீர் கூடிக் கொழுப்புக் குறைகிறது. புதுடில்லியிலுள்ள அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் என்.ஆர். ஜெகநாதனும் அவரது குழுவினரும் இதை அளந்து 1998இல் வெளியிட்டார்கள். மருந்துச் சிகிச்சை பெற்ற நோயாளரின் கட்டியில் இந்தத் தண்ணீர்–கொழுப்பு விகிதம் குறைந்துவருவதை அவர்கள் காட்டினார்கள். கத்தி வைக்காமலே மருந்து வேலை செய்கிறதா என்று அறியும் வழி இது. 2001இல் அதே குழு கோலீன் என்ற பொருளின் மேட்டைப்பற்றி எழுதியது. கலமென்சவ்வு கட்டப்படும் வேகத்தோடு தொடர்புடைய கோலீன், புற்றுக்கட்டிகளில் மிகுந்து காணப்படுகிறது. பாலூட்டும் தாய்மாரிலும் அது தென்படுவதுண்டு என்பதால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல இயலாது. சின்னஞ்சிறு கோலீன் மேட்டைத் தேடும் ஆய்வாளர்களுக்குக் கொழுப்பின் பெரிய மேடு தொல்லையாக இருந்தது. அதை அமுக்கிவிட்டுத்தான் தேடினார்கள். பின்னாளில் அந்தத் தொல்லையையே ஆராயத் தொடங்கினார்கள். புற்றுநோய் கண்ட பெண்களின் மார்பகக் கொழுப்பு, நோயற்ற பெண்களின் கொழுப்பிலிருந்து வகையில் வேறுபடுகிறதா என்பது இன்று பல நாடுகளில் ஆராயப்படும் கேள்வி.

இங்கே நம் கரையோரத்தை நினைக்காமலிருக்க முடியவில்லை. உடற்கொழுப்பின் தன்மை, நாம் நெடுங்காலமாக உண்ணும் கொழுப்பை ஓரளவு பிரதிபலிக்கும். மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை நாம் தேங்காய்ப்பாலிலும் கடல்மீனிலும் வளர்ந்தவர்கள். தேங்காயெண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு நிரம்பிய கொழுப்பு. மீனெண்ணெயில் நிரம்பாத கொழுப்பு மிகுதி. இரண்டையும் ஒரே ஆணத்தில் சேர்த்து உண்ணும் பெண்களின் மார்பகக் கொழுப்பு, வெண்ணெய் உண்ணும் நாட்டுப் பெண்களுடையதைப் போன்றே இருக்கவேண்டும் என்பதில்லை. நம் பல்கலைக்கழகங்களும் வைத்தியர்களும் ஆராயத்தக்க நல்ல கேள்வி இது. நம் பெண்களும் அளக்கப்படவேண்டும். நாம் என்றைக்கும் பிறர் அளவையே இரவல் வாங்கிக்கொண்டிருக்க முடியாது.

ஆனால், ஆய்வு வேறு, நோயைத் தேடிப் பிடிக்கும் பரிசோதனை வேறு. அன்பரின் யோசனையோடு நான் மாறுபடுவது இங்கேதான்.

மேலே ஒரு சிறு கனசதுரம் என்று எழுதினேன். அதன் பக்கம் பொதுவாக ஒரு சென்ரிமீற்றரோ அதற்கு மேலோ இருக்கும். அதைவிடச் சிறிதாக வைத்தால் குரல் கேட்காது. ஆகவே இந்த முறை நன்றாகப் பேசுவது பெரிய கட்டிகளோடுதான். டில்லி ஆய்வாளர்கள் 2001இல் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே நோயாளரின் நிலை சொல்லப்பட்டிருக்கிறது: மார்பகத்தளவில் முற்றிய புற்றுநோய். நான் இதை வாசித்தபோது சிறிது நேரம் மேலே படிக்க முடியாமல் இருந்தேன். அந்த ஆய்வாளர்கள் அரும்பணி செய்தவர்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எனினும், கட்டி பெரிதாக இருந்ததால்தான் கனசதுரம் அதற்குள் அடங்கியது. கட்டி பெரிதாக இருந்ததற்குக் காரணம், நம் பகுதிப் பெண்கள் தாமதித்து வருகிறார்கள் என்பது. டில்லிக்கும் இது பொருந்தும், கல்முனைக்கும் பொருந்தும். இயந்திரம் எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் அது ஒரு பெண் வந்து மேசையில் படுத்த பின்னரே வேலையைத் தொடங்குகிறது. அவர் வருவதற்கு எடுத்துக்கொண்ட ஓராண்டையோ ஈராண்டையோ அது திருப்பித் தராது.

அந்தத் தாமதத்தில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. இதுவரை நான் எங்கும் எழுதாத விடயம் இது.

1980களில் நான் கொழும்பில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். ஞாயிறு மகளிர் பக்கத்துக்கு ஒரு வைத்தியர் கட்டுரை அனுப்பியிருந்தார். குளிக்கும்போது மார்பகத்தைக் கையால் தடவிப் பார்க்கவேண்டும், நோவில்லாத கட்டியையே அதிகம் அஞ்சவேண்டும், தோல் சுருங்கினாலோ முலைக்காம்பு உள்வாங்கினாலோ அதில் இரத்தம் கசிந்தாலோ தாமதிக்கக் கூடாது என்று தெளிவாக எழுதியிருந்தார். குடும்பங்கள் வாசிக்கும் பத்திரிகையில் இந்தச் சொற்கள் வேண்டாம் என்று முடிவு செய்து, என் சிவப்புப் பேனாவால் அவற்றை வெட்டினேன். தலைப்பைப் 'பெண்களைத் தாக்கும் ஒரு நோய்' என்று மாற்றினேன். எஞ்சியதில் எந்த உறுப்பு, எந்த அறிகுறி என்பதே இல்லாமற்போனது. யாரும் என்னைக் கேட்கவில்லை. நான் நல்லதே செய்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பக்கத்தை வாரந்தவறாமல் வாசித்தவர்களில் என் சாச்சியும் ஒருவர். சில ஆண்டுகளின் பின் அவருடைய மார்பில் ஒரு கட்டி தோன்றியது. நோவில்லை. ஆகவே பொருட்படுத்தவில்லை. பின்னர் எண்ணெய் போட்டுத் தடவினார். ஐந்து பிள்ளைகளுக்குப் பால் கொடுத்த தனக்கு அந்த நோய் வராது என்று நம்பினார். புண்ணாகி வாடை வந்தபோதுதான் அவருடைய மூத்த மகள் கண்டுபிடித்தாள். யுத்த காலம். பாதை திறந்திருக்கும் நாள் பார்த்து மகரகமைக்குக் கொண்டுபோனோம். பிந்திவிட்டது என்றார்கள். அவருடைய மரண அறிவித்தலை எழுதியதும் நானே. 'சிறிது காலம் சுகவீனமுற்றிருந்து' என்று எழுதினேன். அப்போதும் அந்தச் சொல்லை எழுதவில்லை.

வெட்டாமல் விட்டிருந்தால் சாச்சி பிழைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. அப்படி யாராலும் சொல்ல முடியாது. ஆனால், நோவில்லாத கட்டி என்ற இரண்டு சொற்கள் அவர் கண்ணில் பட்டிருக்கும். அதை நான் தடுத்தேன்.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. ஒக்டோபர் மாதம் வந்தால் இளஞ்சிவப்பு நாடாவைப் பார்க்கிறோம். ஆனாலும் பழைய நம்பிக்கைகள் வீடுகளுக்குள் அப்படியே இருக்கின்றன. பாலூட்டியவர்களுக்கு வராது என்பது அவற்றுள் முக்கியமானது. பாலூட்டுவது காப்பளிக்கிறது என்பது மெய்யே. 30 நாடுகளின் 47 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2002இல் லான்செட் இதழ் வெளியிட்ட கணக்கின்படி, ஒவ்வொரு 12 மாதப் பாலூட்டலும் புற்றுநோய் வாய்ப்பை 4.3 சதவீதம் குறைக்கிறது. ஒவ்வொரு பிள்ளைப்பேறும் அதற்கு மேலாக 7 சதவீதம் குறைக்கிறது. குறைக்கிறது என்பதுதான் சொல். தடுத்துவிடுகிறது என்று யாரும் சொல்லவில்லை. ஊசி குத்திப் பார்த்தால் நோய் பரவும் என்பது இன்னொரு நம்பிக்கை. ஊசி மூலம் எடுக்கும் சிறு மாதிரியே நோயை உறுதி செய்கிறது. அதற்கு அஞ்சி ஓடுவதால்தான் நோய் பரவுகிறது.

நம்மிடம் ஒன்றுமே இல்லையென்று நினைக்கவும் கூடாது. சுகவனிதையர் கிளினிக் 1996 முதல் இந்நாட்டில் இயங்குகிறது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் நடத்தும் இந்தக் கிளினிக்கில் 35 வயதிலும் 45 வயதிலும் உள்ள பெண்களுக்கு மார்பகப் பரிசோதனையும் கருப்பைக் கழுத்துப் பரிசோதனையும் இலவசமாகச் செய்யப்படுகின்றன. பெண்களை அங்கே அழைப்பவர் வீடு வீடாக வரும் குடும்பநல உத்தியோகத்தர். நம் ஊர் மொழியில் மிட்வைவ் மிஸ். அவரும் ஒரு பெண். நம் பேச்சைப் பேசுபவர். கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் வடக்கு ஆதார வைத்தியசாலையும் அண்மையிலேயே உள்ளன. ஏறத்தாழ 40 கிலோமீற்றரில் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் புற்றுநோய்ப் பிரிவு இயங்குகிறது. என் சாச்சியின் காலத்தில் இருந்த பாதைத் தடைகள் இன்று இல்லை. ஆக, முதற்படியில் ஏறுவதுதான் பாக்கி.

அந்தப் படியில் ஏறச் செய்ய மூன்று தரப்பார் முன்வரவேண்டும்.

முதலாவது, குடும்பம். கிழக்கிலே நாம் பெண் பிள்ளைக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளையை அழைத்துக்கொள்பவர்கள். தாயும் மகள்மாரும் சகோதரிகளும் ஒரே வளவிலோ அடுத்தடுத்த வளவுகளிலோ வாழ்கிறார்கள். இது வேறு பல சமூகங்களுக்குக் கிடைக்காத வாய்ப்பு. ஒரு வளவில் 35 வயதைத் தாண்டிய நான்கு பெண்கள் இருந்தால் நால்வரும் ஒரே நாளில் கிளினிக்குக்குப் போய் வரலாம். கணவன்மார் அதற்கு அனுமதி கொடுத்தால் மட்டும் போதாது. அன்றைக்கு அடுப்பையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.

இரண்டாவது, பள்ளிவாசல். சிகிச்சைக்காக வைத்தியரிடம் உடலைக் காட்டுவதை மார்க்கம் தடுக்கவில்லை. உயிரைக் காப்பது கடமை. பெண் வைத்தியர் இருந்தால் நல்லது; இல்லாவிட்டால் அதற்காக நோயை வளரவிடக் கூடாது. இதை உலமாக்கள் மிம்பரில் நின்று வெளிப்படையாகச் சொன்னால், நூறு துண்டுப்பிரசுரங்களைவிட அது பயன்தரும். வெள்ளிக்கிழமை குத்பாவைக் கேட்பவர்கள் பெரும்பாலும் ஆண்களே என்பதால், சொல்லவேண்டிய இடமும் அதுவே.

மூன்றாவது, வெளிநாட்டில் வாழும் நம்மவர். மகரகம வைத்தியசாலைக்கு பெட் ஸ்கேன் இயந்திரம் வாங்குவதற்காக 2016இல் இந்நாட்டு மக்கள் இன, மத வேறுபாடின்றி நிதி திரட்டியதை நாம் கண்டோம். அந்தத் தாராள மனத்தை நான் மதிக்கிறேன். ஆனால், நிறமாலை பார்க்கும் வசதி தனியான ஓர் இயந்திரமன்று, தகுந்த எம்.ஆர்.ஐ. இயந்திரத்தோடு சேர்க்கும் கருவியும் கணினி நிரலும், அவற்றைக் கையாளத் தெரிந்த பௌதிகவியலாளரும் கதிரியக்க வைத்தியரும் சேர்ந்ததே அது. இயந்திரத்தை வாங்கிவிடலாம், ஆளை வாங்க முடியாது. இன்று நம் ஊர்ப் பெண்ணுக்குத் தேவையானது, கட்டி கண்ட அன்றே ஸ்கேன் எடுத்து, அடுத்த சில நாட்களில் ஊசி மாதிரியின் முடிவை அறிந்து, தேவைப்பட்டால் மட்டக்களப்புக்கோ மகரகமைக்கோ போய்ச் சேருவது. பஸ் செலவும், துணைக்குப் போகும் ராத்தாவுக்குத் தங்குமிடமும், அத்தனை நாளும் வீட்டிலே அடுப்பெரிய ஒரு சிறு தொகையும் இல்லாமல் சிகிச்சையை இடைநடுவில் விட்டவர்களை நான் அறிவேன். நிதி திரட்டுவதென்றால் அதற்குத் திரட்டுங்கள். கல்வெட்டில் பெயர் பொறிக்க அதில் இடமிருக்காது. ஆனால் அதுதான் தேவை.

எழுதுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மார்பகம் என்று எழுதுங்கள். புற்றுநோய் என்று எழுதுங்கள். அந்த நோயால் இறந்தவரின் குடும்பம் சம்மதித்தால் மரண அறிவித்தலிலும் எழுதுங்கள். ஆயிரக்கணக்கான பெண்களின் மார்பகத்தில் தண்ணீர் எத்தனை பங்கு, கொழுப்பு எத்தனை பங்கு என்று விஞ்ஞானிகள் வெட்கமின்றி எண்ணி எழுதுகிறார்கள். அதில் ஆபாசம் எதுவுமில்லை. உறுப்பின் பெயரைச் சொல்லவே கூசுகின்ற நாம் அதன் நோயைப்பற்றி எப்படிப் பேசப்போகிறோம்?

இலண்டன் அன்பருக்கு நான் எழுதிய பதில் சுருக்கமானது. உங்கள் யோசனை நல்லது. ஒருநாள் அதற்கும் காலம் வரும், நம் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் நம் பெண்களின் கொழுப்பையும் அளந்து உலகுக்குச் சொல்லட்டும். அதற்கு முன், மருதமுனையில் உங்களுக்கு இரண்டு ராத்தாமார் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் கடைசியாக எப்போது சுகவனிதையர் கிளினிக்குக்குப் போனார்கள் என்று இன்றிரவே தொலைபேசியில் கேளுங்கள் என்று எழுதினேன்.

நான்கு நாட்களின் பின் பதில் வந்தது. இருவரும் ஒருநாளும் போனதில்லையாம். தம்பி கேட்டதற்கு முதலில் வெட்கப்பட்டுச் சிரித்தார்களாம். பிறகு, வருகிற கிளினிக் நாளில் சேர்ந்து போவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.